கறிவேப்பிலைத் தொட்டியும் 65,000 கொசுக்களும்

மெல்பர்னில் ஜூலை மாதக் குளிர். பக்கத்து வீட்டு அண்ணை தடித்த கம்பளிக் காலுறையை இறக்கிக் காட்டினார். கணுக்காலுக்குச் சற்று மேலே, பத்து சென்ட் நாணயம் அளவுக்கு ஒரு புண். நடுவில் குழி. ஆற்றங்கரை மண்ணைத் தண்ணீர் அடியில் அரித்தால் மேல்விளிம்பு மட்டும் தொங்கிக்கொண்டு நிற்குமே, அப்படித் தோல் விளிம்பு நின்றது.

"நோவே இல்லைத் தம்பி. அதாலதான் நானும் கவனிக்கேல்லை" என்றார்.

மூன்று மாதத்துக்கு முன் சின்னப் பரு மாதிரி வந்ததாம். சிலந்தி கடித்திருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவினார். முதலில் பார்த்த மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார். அடுத்தவர் இன்னொரு ஆன்டிபயாட்டிக். மூன்றாவதாகப் பார்த்த இளம்பெண் மருத்துவர்தான் அந்தத் தொங்கும் விளிம்புக்கு அடியில் பஞ்சுக்குச்சியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: போன கோடையில் உங்களைக் கொசு கடித்ததா?

"இந்தக் குளிருக்குள்ள இருந்துகொண்டு போன சம்மரில நுளம்பு கடிச்சதோ எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?" அண்ணைக்கு அந்தக் கேள்வி அன்று விளங்கவில்லை. ஒரு வாரத்தில் முடிவு வந்தது. புருலி அல்சர்.

அந்த மருத்துவரின் வாயில் அந்தக் கேள்வி வருவதற்கு இந்த ஊரில் எத்தனை பேர், எத்தனை வருடம் உழைத்திருக்கிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அப்படித்தான் பிறந்தது.

கோயிலுக்குத் தெற்கே

கேரம் டவுன்ஸ் என்றாலே மெல்பர்ன் தமிழருக்கு பவுண்டரி ரோட்டுச் சிவா விஷ்ணு கோயில்தான் நினைவுக்கு வரும். 1994-இல் குடமுழுக்கு கண்ட கோயில். அதன் மணியோசைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றே இந்தப் பக்கம் வீடு வாங்கியவர்கள் உண்டு. ஃபிராங்ஸ்டன் நகராட்சிக்குள் வரும் புறநகர் இது. இங்கிருந்து தெற்கே போனால் ஃபிராங்ஸ்டன் கடற்கரை. அதைத் தாண்டினால் மார்னிங்டன் தீபகற்பம், தூண்டில் முள்போல வளைந்து கடலுக்குள் நீளும். அந்த வளைவில் இருக்கும் ரை, பிளேர்கவ்ரி, சொரென்டோ எல்லாம் நாம் பிள்ளைகளோடு கோடை விடுமுறைக்குப் போகிற ஊர்கள். புருலி அல்சர் மேற்கு ஆப்பிரிக்காவின் நோய் என்று உலகம் அறியும். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அது அதிகம் பதிவாகும் இடங்களில் முன்னால் நிற்பது இந்த அழகான கடற்கரைதான்.

நோயைத் தருவது மைகோபாக்டீரியம் அல்சரன்ஸ் என்ற கிருமி. காசநோய்க் கிருமிக்கும் தொழுநோய்க் கிருமிக்கும் அது ஒன்றுவிட்ட சகோதரம். நம் உடம்பின் 37 டிகிரிச் சூடு அதற்கு ஒத்துவராது. 30 முதல் 33 டிகிரிக்குள்தான் செழிக்கும். அதனால்தான் உடம்பில் குளிர்ந்து கிடக்கும் இடங்களான கணுக்கால், கெண்டைக்கால், முழங்கை ஆகியவற்றைப் பிடித்துக்கொள்கிறது. மைகோலாக்டோன் என்ற நச்சைச் சுரந்து தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைக் கரைக்கிறது. அதே நச்சு வலியையும் மழுங்கடிக்கிறது; உடம்பின் எதிர்ப்பையும் தூங்க வைக்கிறது. வலித்தால் மறுநாளே மருத்துவரிடம் போய்விடுவோம். வலிக்காத புண்ணுக்கு யார் வேலையை விட்டுவிட்டுப் போவார்கள்?

இன்னொரு சிக்கல், கிருமி உள்ளே போவதற்கும் புண் கண்ணில் படுவதற்கும் இடையே சராசரியாக ஐந்து மாதம் ஆகிறது. பிப்ரவரியில் வாங்கியது ஜூலையில் தெரியும். அதற்குள் எங்கே போனோம், எது கடித்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? நோயாளியைக் கேட்டு நோயின் வழியைக் கண்டுபிடிக்க முடியாத நோய் இது.

அண்ணைக்கு எட்டு வாரம் ரிஃபாம்பிசினும் கிளாரித்ரோமைசினும் கொடுத்தார்கள். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். முன்கூட்டிச் சொல்லியிருந்தும் முதல் நாள் அவர் வீட்டு அக்கா பதறிப்போய் எனக்குத்தான் போன் செய்தார்.

ஆறு பேரில் தொடங்கிய கணக்கு

விக்டோரியாவின் கிழக்கே பேர்ன்ஸ்டேல் என்ற ஊர். 1930-களில் அங்கே இருந்த மருத்துவர்கள் ஆறாத ஒருவகைப் புண்ணைக் கண்டு குழம்பினார்கள். 1948-இல் பீட்டர் மக்கல்லமும் அவருடன் இருந்த மெல்பர்ன் மருத்துவர்களும் ஆறே ஆறு நோயாளிகளை வைத்து, இது புதிய கிருமி என்று உலகத்துக்கு எழுதினார்கள். பிற்பாடு உகாண்டாவின் புருலி வட்டாரத்தில் ஏராளமானோருக்கு அது வந்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இந்த ஊர்ப் பழைய ஆட்கள் இன்றைக்கும் பேர்ன்ஸ்டேல் அல்சர் என்றுதான் சொல்கிறார்கள்.

1990-களில் பிலிப் தீவில் கௌஸ் என்ற ஊரில் திடீரென்று பலருக்கு வந்தது. அங்கே புதிதாக உருவாகியிருந்த ஒரு சதுப்புநிலம், கால்ஃப் மைதானத்துக்குப் பாய்ச்சிய நீர் ஆகியவற்றின் மேல் சந்தேகம் விழுந்தது. வடிகாலைச் சீராக்கினார்கள், நீர் பாய்ச்சும் முறையை மாற்றினார்கள். நோய் அடங்கியது. முழு ஆதாரம் கையில் இல்லாத நேரத்தில் துணிந்து எடுத்த முடிவு அது. அன்றைக்கு எடுத்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் நோய் ஏன் அடங்கியது என்பது தெரியாமலே போயிற்று. அதே பத்தாண்டில் ஃபிராங்ஸ்டனிலும் லாங்வாரினிலும், அதாவது எங்கள் தெரு முனையில், அது தலைகாட்டியது. 2000-க்குப் பிறகு விரிகுடாவின் எதிர்க்கரையில் பாயிண்ட் லான்ஸ்டேல். அங்கே எந்தக் குளத்தை வடிப்பது?

2004-இல் விக்டோரியா அரசு ஒரு காரியம் செய்தது. புருலி அல்சர் கண்ட ஒவ்வொருவரைப் பற்றியும் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டப்படி ஆக்கியது. செய்தித்தாளில் தலைப்பாக வராத முடிவு. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் அரசு எடுத்த ஆகச் சிறந்த முடிவு அதுதான். எண்ணாத நோய்க்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

பிறகு வந்தது எளிய, அழகான ஒரு ஆய்வு. பாயிண்ட் லான்ஸ்டேல் இருக்கும் பெல்லரைன் தீபகற்பத்தில் நோய் வந்த 49 பேரிடமும் அதே பகுதியில் நோய் வராத 609 பேரிடமும் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டார்கள். தோட்ட வேலை செய்வீர்களா, நீளக் கால்சட்டை போடுவீர்களா, கொசு எங்கே கடிக்கும் என்றெல்லாம். 2007-இல் விடை வெளியானது. கொசுவிரட்டி பூசுகிறவர்கள், வெளியே போகும்போது நீளக் கால்சட்டை போடுகிறவர்கள், சிராய்ப்பை உடனே கழுவுகிறவர்கள் ஆகியோருக்கு ஆபத்து பாதிக்குப் பாதி குறைவு. முன்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் கொசுக்கடி வாங்குகிறவர்களுக்கு இரு மடங்கு. அதே ஆண்டில் பால் ஜான்சன் குழுவினர் பாயிண்ட் லான்ஸ்டேலில் 11,500 அளவில் கொசுக்களைப் பிடித்துச் சோதித்து, சிலவற்றில் கிருமியின் தடயம் இருப்பதைக் காட்டினார்கள்.

கொசுதான் என்று அன்றைக்கே முடிவு கட்டியிருக்கலாமே என்று தோன்றும். கட்டவில்லை, கட்டவும் கூடாது. கொசுவுக்குள் கிருமி இருப்பது ஒன்று, கொசு அதைப் பரப்புவது வேறு. சதுப்புநீரில் பிறந்த கொசுவின் காலில் சேறு ஒட்டுவதுபோலக் கிருமியும் ஒட்டியிருக்கலாம் அல்லவா?

அடுத்த துப்பு பொசம் போட்ட புழுக்கையிலிருந்து வந்தது. பொசம் என்பது ஆஸ்திரேலிய மரங்களில் வாழும், பூனை அளவுள்ள இராப்பிராணி. மெல்பர்னில் முருங்கை வளர்க்கும் எந்தத் தமிழருக்கும் அதன் குணம் தெரியும். ஒரே இரவில் துளிரை எல்லாம் மொட்டையடித்துவிட்டுப் போகும். பாயிண்ட் லான்ஸ்டேலில் தரையிலிருந்து பொறுக்கிய பொசம் எச்சங்களில் 41 சதவீதத்தில் இந்தக் கிருமியின் மரபணு இருந்தது. நோய் இல்லாத ஊர்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. 2010-இல் வெளியான ஆய்வு இது. கிருமி பொசத்தின் வயிற்றில் குடியிருக்கிறது, பொசமே புண் வந்து தவிக்கிறது என்பது அப்போது தெரிந்தது. 2017-இல் டிம் ஸ்டினியர் குழுவினர் ஆய்வகத்தில் எலியின் வாலில் கிருமியைப் பூசி, கொசுவைக் கடிக்க விட்டுப் பார்த்தார்கள். புண் வந்தது. ஒரு புண்ணுக்கு மூன்று கிருமி அளவே போதும் என்றும் அந்த ஆய்வு சொன்னது. ஊசி முனையில் ஒட்டுவதைவிடக் குறைவு.

பணம் வந்த கதை

ஆதாரம் தானாக நடந்து சட்டசபைக்குள் போகாது. 2016-இல் விக்டோரியாவில் 182 பேருக்கு இந்த நோய். 2018-இல் 340 பேர். அந்த ஏப்ரலில் மருத்துவர் டேனியல் ஓ'பிரையனும் உடன் இருந்தவர்களும் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் பொறுமையிழந்து எழுதினார்கள். தொற்று பெருகிக்கொண்டே போகிறது, அது எப்படிப் பரவுகிறது என்பதே உறுதியாகத் தெரியாமல் இருட்டில் துழாவுகிறோம், ஆய்வுக்கு உடனே பணம் வேண்டும் என்பது அதன் சாரம். உலகத்து ஊடகங்கள் தசை தின்னும் புண் என்று தலைப்புப் போட்டன. மத்திய அரசும் மாநில அரசும் கையைத் திறந்தன. புருலியை வெல்வோம் என்ற பொருளில் பெயரிட்ட கூட்டுத் திட்டம் உருவானது. டோஹர்ட்டி நிறுவனம், பார்வன் ஹெல்த், ஆஸ்டின் ஹெல்த், சி.எஸ்.ஐ.ஆர்.ஓ., மாநில வேளாண் துறை, சுகாதாரத் துறை, மார்னிங்டன் தீபகற்ப உள்ளூராட்சி எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்தன.

அதில் எனக்குப் பிடித்தது அந்த உள்ளூராட்சியும் சுகாதாரத் துறையும் முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்ததுதான். ஆய்வு முடிந்து, அச்சாகி, அதிகாரியின் மேசைக்கு வந்து, அவர் படித்து, என்று காத்திருக்க வேண்டியதில்லை. முடிவெடுக்க வேண்டியவரே கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தார்.

2016 முதல் 2021 வரை மார்னிங்டன் தீபகற்பம் முழுக்கப் பொறி வைத்து 65,000-க்கும் மேற்பட்ட கொசுக்களைப் பிடித்தார்கள். விடை 2024 ஜனவரியில் நேச்சர் மைக்ரோபயாலஜி இதழில் வந்தது. கிருமி தொற்றிக்கொண்டிருந்தது குறிப்பாக ஏடிஸ் நோட்டோஸ்கிரிப்டஸ் என்ற வகையோடு. டெங்கு பரப்பும் ஏடிஸின் சொந்தக்காரி. கிருமியுள்ள கொசு, கிருமியுள்ள பொசம் எச்சம், நோய் வந்த மனிதர், மூன்றையும் வரைபடத்தில் குறித்தால் புள்ளிகள் ஒரே இடங்களில் குவிந்தன. கொசுவின் வயிற்று ரத்தத்தைச் சோதித்தால் அது பொசத்தையும் குடித்திருக்கிறது, மனிதரையும் குடித்திருக்கிறது. மூவரிடமும் எடுத்த கிருமியின் மரபணு அடையாளங்கள் பொருந்திப் போயின.

இத்தனைக்கும் பிறகு அந்த ஆய்வுக்கட்டுரை என்ன சொல்கிறது தெரியுமா? இந்தக் கொசு 'பெரும்பாலும்' நோயைப் பரப்புகிறது என்கிறது. செய்தித்தாள்கள் அந்த ஒரு சொல்லை உதிர்த்துவிட்டன. அதை எழுதியவர்கள் உதிர்க்கவில்லை. இருபது வருட உழைப்புக்குப் பின்னும் அந்தச் சொல்லை விடாமல் வைத்திருந்த அந்த நேர்மைக்குத்தான் நான் தலைவணங்குகிறேன்.

அந்தச் சொல்லோடுதான் அரசும் நடக்க வேண்டியிருக்கிறது. பொசத்தை ஒழிக்கலாமா? முடியாது. அது 1975-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர்; நோயைக் கொண்டுவந்த குற்றவாளியும் அல்ல, அதுவும் நோயாளி. கொசுவுக்கு மருந்து அடிக்கலாமா? தீபகற்பத்தில் பூச்சிக்கொல்லி தெளிக்கத் திட்டம் வந்தபோது குடியிருப்பவர்கள் எதிர்த்தார்கள். தேனீ என்னாகும், தோட்டம் என்னாகும் என்று கேட்டார்கள். தெளிப்பு பின்வாங்கப்பட்டது. விஞ்ஞானம் தோற்றது என்று சிலர் வருந்தினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பெரும்பாலும் என்கிற அளவுக்குத் தெரிந்ததை வைத்து ஊர் முழுவதும் நஞ்சு தெளிப்பது ஒரு கணக்கு. வீட்டுக்கு வீடு தேங்கிய தண்ணீரைக் கவிழ்ப்பது வேறு கணக்கு. இரண்டாவதில் தவறு நேர்ந்தால்கூட யாருக்கும் நட்டமில்லை. எவ்வளவு தெரியுமோ அந்த அளவுக்கு நடவடிக்கை. எவ்வளவு தெரியும் என்பதை மறைக்காமல் சொல்வது. பொதுச் சுகாதாரத்தில் அரசுகளிடம் நான் எதிர்பார்ப்பது இந்த இரண்டும்தான்.

சத்தமில்லாமல் நல்லதும் நடந்திருக்கிறது. புண்ணைச் சோதிக்கும் ஆய்வகப் பரிசோதனையை விக்டோரியா இலவசமாக்கியது. பொசம் எச்சத்தை முறையாகச் சேகரித்துச் சோதித்தால் அடுத்து எந்தப் பகுதியில் மனிதருக்கு நோய் வரும் என்று முன்னறிவிக்க முடியும் என்பதை 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கடற்கரையில் மட்டும் இருந்த நோய் எஸண்டன், மூனி பாண்ட்ஸ், பிரன்ஸ்விக் வெஸ்ட் என்று நகரத்தின் உள்பக்கம் நகர்ந்துவிட்டதாக 2021-இலேயே எச்சரிக்கை வந்திருந்தது. 2023-இல் மட்டும் 363 பேர். அண்ணையின் புண்ணில் பஞ்சுக்குச்சியை விட்ட அந்த மருத்துவருக்கு இந்த எச்சரிக்கைகள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முதல் இருவருக்குப் போய்ச் சேரவில்லை. அவர்களைக் குறைசொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பத்து நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டிய அறை அது.

ஆதாரத்தைக் கேட்டுச் சட்டம் செய்த பழக்கம் இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. 1970-இல் விக்டோரியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,061 பேர். அறுவை மருத்துவர்கள் உடைந்துபோன உடல்களைத் தைத்ததோடு நிற்காமல் எது எப்படி உடைகிறது என்று கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கோடு அரசின் கதவைத் தட்டினார்கள். அந்த டிசம்பர் 22 முதல் காரில் சீட் பெல்ட் கட்டாயம் என்ற சட்டம் உலகத்திலேயே முதலாவதாக இங்கே வந்தது. இன்று மக்கள்தொகை இரட்டித்த பிறகும் ஆண்டு எண்ணிக்கை 300-ஐ ஒட்டியே நிற்கிறது.

சேத்துப்பட்டின் விடை

நான் சென்னைக்காரன். சேத்துப்பட்டு ஸ்பர்டாங்க் சாலை வழியாக எத்தனையோ நாள் பஸ்ஸில் போயிருக்கிறேன். அங்கே இருந்த, புருலிக் கிருமியின் ஒன்றுவிட்ட சகோதரமான காசநோய்க்கான ஆராய்ச்சி நிலையத்தின் மதில் சுவரைப் பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள கேரம் டவுன்ஸுக்கு வந்து, ஒரு பக்கத்து வீட்டுக்காரருக்குப் புண் வர வேண்டியிருந்தது.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பொறுப்பில் இருந்தார். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். தாம்பரத்தில் ஒன்று. இங்கே எங்களுக்குப் பக்கத்தில் ஹெதர்டனிலும் ஒன்று இருந்தது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. பணக்கார நாடுகளுக்கே அது பெரும் செலவு. இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில். படுக்கைகளோ அதில் சொற்பம்.

சேத்துப்பட்டில் கேட்ட கேள்வி நேரானது. மருந்து ஒன்றே என்றால், வீட்டில் இருந்து சாப்பிட்டால் என்ன? ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு. மறுபாதி சென்னையின் நெருக்கடியான ஒற்றை அறை வீடுகளுக்கே. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடை கூடினார்கள். வீட்டில் இருந்தவர்கள் அரைவயிற்றோடு வேலைக்கும் போனார்கள். கடைசியில் குணமானவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இது வெளியானது. 1962-இல் இந்தியா தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையின் மேலேயே எழுந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் நம் சேரி வீடுகளுக்கும் பங்கு உண்டு. பெயர் தெரியாத அந்த 193 பேரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அதோடு கதை முடிந்திருந்தால் அது வெறும் பெருமைக் கதை. முடியவில்லை. வீடே போதும் என்ற விடை அறுபது வருடம் ஓடிய பிறகு தமிழ்நாட்டில் இன்னொரு கணக்கு எடுத்தார்கள். காசநோயில் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் கண்டுபிடித்த முதல் இரண்டு மாதங்களுக்குள் இறந்துபோகிறார்கள். மிக மெலிந்தவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், எழுந்து நிற்க முடியாதவர்கள். இவர்களுக்கு வீடு போதாது. 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் மாநிலம் முழுக்கத் தொடங்கியது. சென்னையில் உள்ள தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் துணை நின்றது. எக்ஸ்ரே, ஸ்கேன் எதுவும் தேவையில்லை. உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. நோய் தெரிந்த அன்றே கிராமத்துச் சுகாதாரப் பணியாளர் இந்த ஐந்தையும் பார்த்துவிடுவார். தேறாதவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

1959-இன் விடையை 2022 பொய்யாக்கவில்லை. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று எல்லை கட்டியது. சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். மருந்து சரியாக இருந்தால் குணமாக உணவு தடையில்லை என்றது சேத்துப்பட்டு. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வு வேறொரு கேள்வியைக் கேட்டது. நோயாளியின் வீட்டாருக்குச் சத்துணவு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா? கிட்டத்தட்டப் பாதியளவுக்குக் குறைந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் மத்திய அரசு காசநோயாளிக்குத் தரும் மாத ஊட்டச்சத்துத் தொகையை 500 ரூபாயிலிருந்து 1,000 ஆக்கியது.

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர 11 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருப்போம். சட்டையைக் கழற்றி, குளிர்ந்த பலகையில் நெஞ்சை அழுத்தி, மூச்சைப் பிடித்து நின்ற அந்த நிமிடம் கேரம் டவுன்ஸ் கோயில் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் பொது. இந்த நாட்டின் பொதுச் சுகாதாரம் நம்மைத் தொட்ட முதல் கணம் அது. அதன் பிறகு அது நம்மோடு எந்த மொழியில் பேசுகிறது?

2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் ஆஸ்திரேலியாவில் 95,000-க்கும் மேல். அன்னதான வரிசையில் நின்றவர்களிடம் புருலி அல்சர் பற்றி நானே கேட்டுப் பார்த்தேன். பலருக்குப் பெயரே புதிது. ஒரு அம்மா மட்டும், "அந்த நுளம்புப் புண்தானே, டிவியில காட்டினவை" என்றார். 65,000 கொசுக்களைப் பிடித்துக் கண்ட உண்மை, அந்தக் கொசு வளரும் பின்வளவுக்குள் வரும்போது கால் தடுக்கி நின்றுவிடுகிறது.

மற்றபடி கொசு வளராமல் பார்த்துக்கொள்வதை நம்மவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. அண்ணையே சொன்னார்: "ஊரில டெங்கு எண்டால் பி.எச்.ஐ. எண்ட சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள்ள வந்து சிரட்டை, டயர், பூச்சாடி எல்லாம் கவிழ்த்துப் பாப்பார். தண்ணி கண்டால் வழக்குத்தான். இஞ்ச வந்து எல்லாம் மறந்துபோனம்." இலங்கைத் தமிழருக்குக் கொசுவின் வரலாறு நெருக்கமானது. 1963-இல் அந்த நாடு முழுவதற்கும் மலேரியா நோயாளிகள் 17 பேர் மட்டுமே. ஒழிந்தது என்று கையைத் தளர்த்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கானவர்களுக்குத் திரும்பி வந்தது. மறுபடி விடாமல் எண்ணி, தேடி, மருந்து கொடுத்து, 2016-இல்தான் உலக சுகாதார நிறுவனத்திடம் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றை வாங்கினார்கள்.

புண் ஆறிய பிறகு ஒரு சனிக்கிழமை அண்ணையின் வளவை இருவரும் சுற்றிப் பார்த்தோம். குளிருக்கு வீட்டுக்குள் வைத்துக் கோடைக்கு வெளியே எடுக்கும் கறிவேப்பிலைத் தொட்டிகள் ஆறு. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தட்டு. இரண்டில் தண்ணீர் நின்றது. குனிந்து பார்த்தால் காற்புள்ளிபோல் வளைந்து நெளிந்தன, நூல் தடிப்பில் கூத்தாடிப் புழுக்கள். கூரைப்பீலியில் யூக்கலிப்டஸ் இலை அடைத்து இன்னொரு குட்டை. மழைநீர்த் தொட்டியின் வலை ஓரத்தில் கிழிசல். வேலிக்கு மேலே முருங்கைக் கிளையில் பகலில் உறங்கிக் கிடந்தது ஒரு பொசம். கொசு, பொசம், மனிதர் மூன்றும் பத்தடிக்குள். ஆய்வுக்கட்டுரையில் இருந்த வரைபடத்தை எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் வரைந்து காட்ட முடியாது.

தட்டுகளைக் கவிழ்த்தோம். வலைக்குப் புதுத் துண்டு வெட்டிக் கட்டினோம். பிறகு கோயில் அறிவிப்புப் பலகைக்கு ஒரு பக்கம் தமிழில் எழுத உட்கார்ந்தோம். வலிக்காத புண் ஆறாமல் இருந்தால் மருத்துவரிடம் புருலி என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள், பரிசோதனை இலவசம். தோட்டத்தில் நீளக் கால்சட்டை, கையுறை. சிராய்ப்பு பட்டால் உடனே கழுவுங்கள். கொசுவிரட்டி பூசுங்கள். தட்டு, பீலி, டயர், வாளி எதிலும் தண்ணீர் நிற்க விடாதீர்கள். பொசத்தை எதுவும் செய்யாதீர்கள். கொசு என்று எழுதுவதா நுளம்பு என்று எழுதுவதா என்று பேசி, இரண்டையும் போட்டோம்.

'இந்த நோயைப் பெரும்பாலும் நுளம்பு (கொசு) பரப்புகிறது' என்ற வரியில் அண்ணை பேனாவை வைத்தார்.

"பெரும்பாலும் எண்டதை வெட்டுவமே தம்பி? அப்பிடிப் போட்டால் சனம் கவனிக்காது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தச் சொல்லை அவர்கள் ஏன் விடாமல் வைத்தார்கள் என்று விளக்கினேன். பொறிகள், எலி வால், 49 பேர், 609 பேர் எல்லாவற்றையும் சொன்னேன். கணுக்காலில் புண் இருந்த இடத்தை, இப்போது வெளுத்துச் சுருங்கிப் பளபளக்கும் அந்தத் தழும்பை, தடவியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அது இருக்கட்டும்" என்றார். "ஆனால் தண்ணியைக் கவிழ்க்கச் சொல்லுற வரியைப் பெருசா எழுதுங்கோ."

பெரிதாக எழுதினோம்.